குறைந்த செலவில் திகில் குறும்படம்: பொய் ரத்தம் முதல் கண்ணாடிப் பேய் வரை

கணினி வரைகலையின் துணையின்றிப் படப்பிடிப்புத் தளத்திலேயே செய்து முடிக்கக்கூடிய உத்திகளைப் பற்றி, திகில் குறும்படம் எடுக்கும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி (மதுரை வாசகர்): ரத்தத்துக்கு ஆரத்தி நீரைப் பயன்படுத்தினோம், திரையில் ரத்தமாகவே தெரியவில்லை. வேறு என்ன செய்யலாம்?

பதில்: ஆரத்தி நீருக்கு நிறம் உண்டு, கெட்டித்தன்மை இல்லை, ஆகவே தோலில் நிற்காமல் ஓடிவிடுகிறது. அதில் சுண்ணாம்பும் இருப்பதால் முகத்தருகே கொண்டுபோகவே கூடாது. கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கேக் செய்யும் பொருள்களை விற்கும் கடையில் லிக்விட் குளுக்கோஸ் கிடைக்கும். அதில் ஒரு கோப்பையைக் கால் கோப்பை வெந்நீரில் இளக்கி, சிவப்பு உணவு நிறமியைக் கலந்து, அதன் ரோஜாச் சாயல் அடங்கும் வரை கோகோ தூளைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, கடைசியில் ஒரு சொட்டு நீல நிறமியை விடுங்கள். உறைந்த ரத்தத்துக்குக் கோகோவைக் கூட்டினால் போதும். எல்லாமே உண்ணத்தக்கவை என்பதால் நடிகரின் வாயிலிருந்தும் வழிய விடலாம். கறை எளிதில் போகாது. ஒரே மாதிரியான சட்டைகள் இரண்டு மூன்றை வைத்துக்கொள்ளுங்கள். தரையில் படுத்து நடிப்பவரை எறும்புகள் மொய்க்கும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுவது நியாயம்.

கேள்வி (கல்லூரி மாணவி): எங்கள் படம் கறுப்பு வெள்ளை. அப்போதும் சிவப்பு வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. 1960இல் வெளியான ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' படத்தில் குளியலறையில் ஓடியது சாக்லேட் பாகுதான். கறுப்பு வெள்ளையில் அடர்த்தியும் பளபளப்பும்தான் கணக்கு.

கேள்வி (திருச்சி வாசகர்): ஆழமான வெட்டுக்காயத்தை எப்படி உருவாக்குவது? லேடெக்ஸ் (ரப்பர் பால்) வாங்கலாமா?

பதில்: ஜெலட்டினே மலிவானது. ஜெலட்டின் தூள், கிளிசரின், நீர் ஆகியவற்றைச் சம அளவில் கலந்து ஊறவிட்டு, கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்கி, எண்ணெய் தடவிய தட்டில் மெல்லிய ஓரங்களோடு ஊற்றி ஆறவிடுங்கள். முழுவதும் ஆறிய பிறகே தோலில் ஒட்ட வேண்டும். சூடான கலவை உண்மையான காயத்தையே உண்டாக்கிவிடும். நம் ஊர் வெயிலில் அது இளகி வழியும் என்பதால் காயக் காட்சிகளை இரவில் வைத்துக்கொள்வது நல்லது. ஜெலட்டின் விலங்குகளிலிருந்து எடுக்கப்படுவது. சைவ நடிகரிடம் கேட்காமல் ஒட்டாதீர்கள். லேடெக்ஸ்தான் வேண்டுமென்றால் முந்தைய நாளே முழங்கையின் உட்புறத்தில் தடவி ஒவ்வாமை உண்டா என்று பாருங்கள். புருவத்தில் பட்டால் முடியோடு உரிந்து வரும்.

கேள்வி (சேலம் வாசகர்): கத்தி கீறும்போதே ரத்தம் கசிய வேண்டும்.

பதில்: முனையும் விளிம்பும் முழுவதும் மழுக்கப்பட்ட கத்தியை எடுத்து, கேமராவுக்குத் தெரியாத பக்கத்தில் மீன்தொட்டிக்குப் பயன்படும் மெல்லிய குழாயை ஒட்டி, மறுமுனையில் ஊசி நீக்கிய சிரிஞ்சை இணைத்து ஒருவர் மெதுவாக அழுத்தினால் போதும். அண்மைக் காட்சியாக எடுங்கள்.

கேள்வி (கொழும்பு வாசகர்): உடல் ஊடுருவித் தெரியும் ஆவியை எடிட்டிங் இல்லாமல் காட்ட முடியுமா?

பதில்: முடியும், ரசம் பூசாத கண்ணாடியில் விழும் பிரதிபலிப்பையே ஆவியாகக் காட்டலாம். இருக்கும் உத்திகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். பொறியாளர் ஹென்றி டர்க்ஸின் யோசனையை எளிமையாக்கி, ஜான் ஹென்றி பெப்பர் 1862இல் லண்டன் ராயல் பாலிடெக்னிக்கில் இந்த உத்தியை மேடையேற்றினார். மேடைக்குப் பெரிய கண்ணாடி தேவைப்பட்டது. நமக்கோ லென்ஸுக்கு மிக அருகில் 45 பாகைச் சாய்வில் வைக்கப்படும் சிறிய கண்ணாடியே போதும், ஏனெனில் அது கேமராவின் காட்சிச் சட்டகம் முழுவதையும் அடைத்தால் சரி. கேமரா கண்ணாடியின் ஊடாகக் கூடத்தைப் பார்க்கும். ஆவியாக நடிப்பவர் பக்கவாட்டில் கறுப்புத் துணிக்கு முன்னால் இருட்டில் நிற்பார். அவர்மீது மட்டும் விழும் விளக்கை டிம்மரால் மெல்லக் கூட்டும்போது, அவருடைய பிரதிபலிப்பு கூடத்தின் நடுவே உருத்திரளும். கண்ணாடியிலிருந்து அவர் எவ்வளவு தொலைவில் நிற்கிறாரோ, ஆவியும் கண்ணாடிக்கு அப்பால் அவ்வளவு தொலைவில்தான் தெரியும். ஆகவே அளவுநாடாவால் அளந்து நிறுத்தினால் ஃபோகஸும் ஆவியின் உயரமும் கூடத்தோடு பொருந்திவிடும். தடித்த கண்ணாடி உருவத்தை இரட்டையாகக் காட்டும், மெல்லியதையே வாங்குங்கள். இடவலம் மாறித் தெரிவதால் எழுத்துள்ள சட்டை ஆகாது. பாதங்களைத் தரையோடு பொருத்துவது பெரும் தொல்லை. முழங்காலுக்கு மேல் சட்டகம் வைப்பதே புத்திசாலித்தனம்.

கேள்வி (கோவை வாசகர்): தரையில் தவழும் புகைக்குச் சாம்பிராணி போதுமா?

பதில்: சாம்பிராணிப் புகை மேலே எழும். வெந்நீரில் உலர்பனியை (உறைந்த கரியமில வாயு, டிரை ஐஸ்) போட்டால் வரும் மூட்டமே தரையில் படரும். ஆனால் உலர்பனியின் வெப்பநிலை மைனஸ் 78.5 பாகை செல்சியஸ், வெறுங்கையால் தொடக் கூடாது. வெளிவரும் கரியமில வாயு காற்றைவிடக் கனமானதால், மூடிய அறையில் தரையில் படுத்திருப்பவருக்கு மூச்சு முட்டும். ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். மூடி இறுகிய பாத்திரத்தில் அதைச் சேமித்தால் வெடிக்கும்.

கேள்வி (சென்னை வாசகர்): தெருவில் இரவு எடுக்கலாமா?

பதில்: உரிய அனுமதியோடு எடுக்கலாம். அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் காவல் நிலையத்துக்கும் முன்பே தெரிவித்துவிட்டு, காட்சி முடிந்தவுடன் பொய்க் கத்தியைப் பைக்குள் வைத்துவிடுங்கள். ஒப்பனை ரத்தத்தோடு நடிகரைத் தேநீர்க் கடைக்கு அனுப்பாதீர்கள்.