பஃபெட்டா, பஃபேயா: எது சரி?

கல்யாண வீட்டில் சாப்பாட்டு மேசையருகே ‘buffet’ என்று எழுதி வைத்திருப்பதை எப்படி வாசிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். பஃபே. கடைசி ‘ட்’டை விட்டுவிடுங்கள். பிரிட்டிஷ்காரர்கள் முன்பகுதியை அழுத்தி ‘புஃபே’ என்பார்கள், அமெரிக்கர்கள் பின்பகுதியை அழுத்தி ‘பஃபே’ என்பார்கள், இரண்டும் சரிதான்.

பிரெஞ்சில் பெரும்பாலும் கடைசி ‘ட்’ ஒலிக்காது. இது நமக்குப் புதிதே இல்லை: பாளையங்கோட்டையில் யாரும் பஸ் டிப்போவை ‘டிப்பாட்’ என்று சொல்வதில்லை, பூங்கொத்தையும் பொக்கே என்றுதான் கேட்டு வாங்குகிறோம்.

அப்புறம் டிக்கெட், ஜாக்கெட் மட்டும் ஏன் ‘ட்’டோடு நிற்கிறது? அவையும் பிரெஞ்சு வழி வந்தவைதான், ஆனால் முன்னாலேயே வந்து ஆங்கிலத்தோடு கலந்துவிட்டன. பஃபே, பொக்கே எல்லாம் 18-ஆம் நூற்றாண்டு வாக்கில் வந்தவை, பிரெஞ்சு உச்சரிப்பை விடவில்லை. buffet என்ற அதே எழுத்துக்களில் இன்னொரு பழைய சொல் இருக்கிறது, காற்றோ அலையோ ஓங்கி அடிப்பதைக் குறிக்கும், அதைப் ‘பஃபிட்’ என்றே சொல்ல வேண்டும். அமெரிக்க முதலீட்டாளர் வாரன் பஃபெட் பெயரிலும் ‘ட்’ உண்டு.

பஃபே என்றால் முதலில் பாத்திரம் வைக்கும் பக்கமேசை, பிறகுதான் அதில் பரப்பி வைத்த சாப்பாடு. போன மாதம் ஒரு மறுவீட்டில் சொதியையும் இஞ்சிப் பச்சடியையும் அப்படி மேசையில் வைத்திருந்தார்கள். பக்கத்தில் நின்ற பையன் சரியாகப் ‘பஃபே’ என்று சொல்ல, பெரியவர் ஒருவர் ‘பஃபெட்டுன்னு சொல்லுல’ என்று திருத்தினார், அவன் முகம் வாடிப்போனது. அவன் சொன்னதுதான் சரி என்று அங்கேயே சொல்லிவிட்டேன்.