ஒரு குருவிடம் நேரில் கற்றதால் உங்களிடம் என்ன மாறியது? யூடியூப் பார்த்துக் கற்றால் போதாதா?

எனக்குக் கிடைத்த குரு ஒரு சிவன் கோயில் ஓதுவார், கற்றது தேவாரம். அதை வைத்துத்தான் சொல்ல முடியும்.

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன், நான் பக்தியில் போகவில்லை. சின்ன வயதில் நாலைந்து வருடம் கர்நாடக சங்கீதம் கற்றவன், வேலைக்காக மயிலாடுதுறைப் பக்கம் வந்து சேர்ந்ததில் சாயங்காலம் பொழுது போகவில்லை, தேவாரத்தின் பழைய ராகமான பண் என்றால் என்னவென்று தெரிந்துகொள்ளலாமே என்று போனேன். நட்டபாடைக்குக் கம்பீர நாட்டை, கொல்லிக்கு நவரோசு, மேகராகக்குறிஞ்சிக்கு நீலாம்பரி என்று ஒவ்வொரு பண்ணுக்கும் இப்போது பாடுகிற ராகப் பட்டியல் எனக்கு மனப்பாடம். அதை ஐயாவிடம் ஒப்பித்தும் காட்டினேன். "சரி தம்பி, தோடுடைய செவியன் பாடு" என்றார். ஆலாபனையோடு ஆரம்பித்தேன். நிறுத்தச் சொல்லிவிட்டார்.

அப்புறம் மூன்று மாதம் தாளமே கிடையாது. சுத்தாங்கம் என்பார்கள், தாளக்கட்டு இல்லாமல் சொல் விளங்கும்படி பாடுவது. தாளத்தோடு பாடுகிற பண்ணாங்கம் பிறகுதான். 'மாசில் வீணையும்' பாடும்போது நான் 'வீங்கிள' என்று நிறுத்தி, மூச்சு வாங்கி, 'வேனிலும்' என்று எடுப்பேன், சங்கதி, அதாவது ஒரே வரியை விதவிதமாக மெருகேற்றிப் பாடுவது, அதற்கு அது வசதி. ஆனால் அது வீங்கு இளவேனில். நான் பாடினால் இளவேனிலே காணாமல் போய்விடும்! யூடியூபில் கேட்டுக் கேட்டுப் பாடிய வரைக்கும் இது எனக்குத் தெரியவே இல்லை.

இந்தப் பாட்டு, அப்பரைச் சுண்ணாம்புக் காளவாயில் ஏழு நாள் அடைத்து வைத்தபோது அவர் பாடியது என்ற கதை எனக்கு முன்பே தெரியும். சித்திரை மாதம், மண்டபத்துக் கல் காலைச் சுடுகிறது, அந்த ஒரே அடியை முப்பது நாற்பது தடவை திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டிருக்கிறேன், அப்போதுதான் வெந்துகொண்டிருக்கும் ஒருவர் வீணை, நிலா, தென்றல், வண்டு மொய்க்கும் குளம் என்று ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருக்கிறார் என்பது உறைத்தது. தொண்டை அடைத்துக்கொண்டது. ஐயா விளக்கம் ஒன்றும் சொல்லவில்லை. "இன்னொரு தடவை" என்றார், அவ்வளவுதான்.

அவருக்குச் சம்பளம் ஒழுங்காக வராது. ஒருமுறை மூன்று மாதப் பாக்கி, குளக்கரையிலிருந்து கோயில் வாசல் வரை புலம்பிக்கொண்டே வந்தார். "தஞ்சாவூர்ப் பெரிய கோயில்ல திருப்பதியம், அதான் நம்ம தேவாரம், அதைப் பாட ராஜராஜன் 48 பேரை வச்சான், உடுக்கைக்கு ஒருத்தர், கொட்டி மத்தளத்துக்கு ஒருத்தர், ஆக 50 பேர். ஆளுக்கு தினம் மூணு குறுணி நெல்லு, கல்வெட்டுலயே இருக்கு. நமக்கு அதுவும் இல்லை" என்றார். உள்ளே போய் தீபாராதனை முடிந்ததும் 'திருச்சிற்றம்பலம்' சொல்லி 'கூற்றாயின வாறு' எடுத்தார். பத்துப் பாட்டையும் பாடினார், அன்று கேட்க என்னையும் குருக்களையும் தவிர ஆள் இல்லை. குரலில் அந்தக் கோபம் துளிகூட இல்லை. எப்படி ஐயா என்று வெளியில் வந்ததும் கேட்டேன். "கல்வெட்டுல 'விண்ணப்பம் செய்ய'ன்னுதானே இருக்கு, பாடன்னு இல்லையே" என்றவர், டீக்கடை வந்ததும் பாக்கிப் புலம்பலை விட்ட இடத்திலிருந்து தொடங்கிவிட்டார்.

நான் பெரிய பக்தன் ஆகிவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். முன்பெல்லாம் சந்நிதியில் நின்றால் என்ன செய்வதென்று தெரியாது, இப்போது தெரிகிறது. பாட்டைப் பொறுத்தவரை சங்கதி குறைந்திருக்கிறது, மூச்சு நீண்டிருக்கிறது. பழைய பாட்டு வாத்தியார் கேட்டால் வருத்தப்படலாம்.

யூடியூப் வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. பண் மறந்துபோனால் ஓதுவார் தருமபுரம் சுவாமிநாதன் பாடிய பதிவுகளைத்தான் போட்டுக் கேட்கிறேன். ஆனால் நான் தப்பாகப் பாடுவது அதற்குக் கேட்காதே.

வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டாலும் மாதம் ஒருமுறை போய்விடுவேன். போன மாதம் 'கூற்றாயின வாறு' எடுத்தேன், 'வாறு' தனியாக விழுந்துவிட்டது. ஐயா கையைத் தூக்கினார். பிரித்தால் அது ஆயின, ஆறு. திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தேன்.