வீட்டுச் சிரிப்பு வீட்டோடு

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்குப் பாளையங்கோட்டை. மகன் பிளஸ் ஒன், மகள் எட்டாம் வகுப்பு. உங்கள் பிள்ளைகள் வளர்ந்த கதையை நீங்கள் எழுதும்போதெல்லாம் விழுந்து விழுந்து சிரிக்கிறேன். என் வீட்டில் எனக்கு அழுகைதான் வருகிறது. மகனிடம் என்ன கேட்டாலும் ‘ம்’. ஞாயிற்றுக்கிழமை பத்து மணியானாலும் எழுந்திருக்க மாட்டான். மகளைத் தோழிகள் முன்னால் ‘பாப்பா’ என்று கூப்பிட்டுவிட்டேன், அதற்கு மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாள். உளுந்தங்களியைக் கண்டாலே ஓடுகிறாள். நாத்தனாரிடம் சொல்லி ஆற்றிக்கொள்ளலாம் என்று போனால், ‘நீ செல்லம் குடுத்துக் கெடுத்துட்ட மைனி’ என்கிறார். இதில் எங்கே அக்கா சிரிப்பது?

ஒரு வாசகி, பாளையங்கோட்டை

அன்புள்ள தங்கச்சிக்கு,

சிரிக்கலாம், தாராளமாகச் சிரிக்கலாம். யார் முன்னால் சிரிக்கிறோம் என்பதைத்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதலில் தூக்கத்தைச் சொல்லிவிடுகிறேன், அது சுலபம். தூக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் பருவ வயதில் ராத்திரி தாமதமாகத்தான் சுரக்க ஆரம்பிக்கிறது. பத்து மணிக்குப் படுடா என்றால் அவனுக்குக் கண் சொருகாது. 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். வாரம் முழுக்க விடிகாலை டியூஷனுக்கு எழுப்பிவிடுகிறோம். அந்தக் கடனைத்தான் பிள்ளை ஞாயிற்றுக்கிழமை அடைக்கிறான். ராத்திரி போனைத் தலைமாட்டில் வைக்காமல் வீட்டு முன்பக்கத்துத் தார்சாவில் வைக்கச் சொல்லுங்கள், காலையில் தூங்க விடுங்கள்.

இனி சிரிப்புக்கு வருகிறேன். என் மகனுக்குத் தொண்டை உடைந்த சமயம், திருநெல்வேலி டவுனில் ஒரு சொந்தக்காரர் வீட்டு மறுவீட்டுச் சாப்பாடு. நம்ம ஊர் வழக்கப்படி தேங்காய்ப்பால் விட்ட சொதிக் குழம்பு. பந்தியில் இவன் ‘இஞ்சித் துவையல்’ என்று கேட்டான். ‘இஞ்சி’ கீச்சென்று வந்தது, ‘துவையல்’ அவன் தாத்தா குரலில் வந்தது. எதிர் இலையில் இருந்த பெரியம்மை ஒருத்தி, “ஏ, யாருல அது, ஒரே தொண்டையில ரெண்டு பேரு பேசுதான்?” என்று கேட்க, பந்தியே சிரித்தது. அவனுக்கு உயிரான உருளைக்கிழங்கு வறுவல் இலையில் அப்படியே கிடந்தது. காது மடல் சிவந்து, தலை இலைக்குள் போய்விட்டது.

அந்த நேரத்தில் எல்லாரும் அம்மாவைத்தான் பார்ப்பார்கள். “அதை ஏன் கேக்கீய, வீட்டுல இன்னும் வேடிக்கை” என்று நாமும் ஒன்றை எடுத்துவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். நம்மிடம் கதைக்கா பஞ்சம்? நான், “அண்ணாச்சி, இங்க கொஞ்சம் துவையல் வைங்க” என்று சொல்லிவிட்டு, பெண் வீட்டுக்காரர்கள் எப்போது கிளம்புகிறார்கள் என்று பேச்சை மாற்றிவிட்டேன். அன்று ராத்திரி தார்சாவில் உட்கார்ந்து அவனே ஆரம்பித்தான். ‘இஞ்சி’யை ஒரு குரலிலும் ‘துவையலை’ இன்னொரு குரலிலும் சொல்லிச் சொல்லிக் காட்டினான். அவன் அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் எழுதுகிற கதைகளெல்லாம் இப்படி அவர்களே சிரித்து, எழுதிக்கோ என்று சொன்ன கதைகள்தான்.

நாத்தனாரிடம் சொன்னீர்கள் இல்லையா, அதில் மட்டும் எனக்கு வருத்தம். அவர் நல்லவராகவே இருக்கட்டும். ஆனால் நீங்கள் அடுப்படியில் சொன்னது அடுத்த கல்யாண வீட்டில் உங்கள் மகள் காதுக்கே திரும்பி வரும். ஒரு தடவை வந்துவிட்டால் போதும், அப்புறம் கதவுக்கு உள்தாழ்ப்பாளும் விழும். வளர்கிற பிள்ளைக்கு உடம்பு புதிது, குரல் புதிது, முகத்தில் பரு வேறு. ஊர் அதையெல்லாம் உரிமையோடு பேசும், கிண்டலும் செய்யும். அம்மாவும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்துகொண்டால் பிள்ளை எங்கே போய் நிற்கும்?

‘பாப்பா’வுக்கு வழி இருக்கிறது. வெளியில் எப்படிக் கூப்பிட வேண்டும் என்று அவளிடமே கேளுங்கள். என் மகள், தெருவில் இறங்கினால் பள்ளிக்கூட ரிஜிஸ்டரில் இருக்கிற முழுப்பெயர்தான் என்று சொல்லிவிட்டாள். நானும் வாசலில் நின்று முழுப்பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். பக்கத்து வீட்டு ஆச்சி எட்டிப் பார்த்து, “யாரு வந்துருக்கா, விருந்தாளா?” என்று கேட்டார். மகளுக்கே சிரிப்பை அடக்க முடியவில்லை.

‘ம்’ விஷயத்துக்கு நான் கண்ட மருந்து ஸ்கூட்டர். எதிரே உட்கார்ந்து முகத்தைப் பார்த்துக் கேட்டால் இந்த வயதுப் பிள்ளைகளுக்கு வாய் வராது. பின்னால் உட்கார வைத்துக்கொண்டு டவுனுக்குப் போங்கள். ஜங்ஷன் ஈரடுக்குப் பாலத்துப் பக்கம் நெரிசலில் வண்டி ஊரும்போது, முதுகுக்குப் பின்னாலிருந்து பேச்சு தானாக வரும். “எங்க கிளாஸ்ல ஒரு பையன் இருக்காம்மா...” என்று தொடங்கும். அந்தப் பையன் யார் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். தெரிந்ததைக் காட்டிக்கொள்ள வேண்டாம். “அப்புறம் அந்தப் பையன் என்ன செஞ்சான்?” என்று மட்டும் கேளுங்கள். மிச்சம் அவனே சொல்வான். வீடு வந்துவிட்டால் பேச்சு நின்றுவிடும் என்பதற்காக, வேலையே இல்லாமல் வண்ணார்பேட்டையைச் சுற்றிக்கொண்டு திரும்பியிருக்கிறேன்.

கதவைச் சாத்துவதும் ‘ம்’ போடுவதும் வயதுக்கு உள்ளதுதான். ஆனால் சாப்பாடு குறைந்து, சிநேகிதர்களையும் விட்டு விலகி, வாரக்கணக்கில் முகம் வாடியே இருந்தால், அல்லது ‘நான் இருந்து என்னத்துக்கு’ என்கிற மாதிரி ஒரு சொல் வந்தால், வயசுக் கோளாறு என்று விடாதீர்கள். உடனே டாக்டரைப் பாருங்கள். டெலி மனாஸ் என்று அரசின் இலவச மனநல உதவி எண் இருக்கிறது, 14416. எந்த நேரமும் கூப்பிடலாம். உங்களுக்கே அழுகை அதிகமானாலும் அதே எண்தான்.

உளுந்தங்களியைப் பற்றி: அவள் களிக்குப் பயந்து ஓடவில்லை என்று நினைக்கிறேன். ‘பெரிய பொம்பளையாயிட்டா, இடுப்புக்குப் பலம்’ என்று அவளுக்கு மட்டும் தனியாக ஒரு கிண்ணத்தை நீட்டும்போது வீடே அவளைப் பார்க்கிறது இல்லையா, அதுதான் பிடிக்கவில்லை. அடுத்த தடவை கருப்பட்டி கொஞ்சம் தூக்கலாகப் போட்டு, நல்லெண்ணெய் விட்டு நன்றாகக் கிண்டி, அண்ணனுக்கும் அப்பாவுக்கும் சேர்த்தே உருட்டுங்கள். அப்படியும் வேண்டாம் என்றால் கறுப்பு உளுந்தில் உளுந்தஞ்சோறு வடித்து எள்ளுத் துவையல் அரையுங்கள், உளுந்து உளுந்துதானே. சாப்பிட்டாளா என்று எழுதுங்கள். அவளிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா