ஈரி ஏரி இன்னும் ஏன் பச்சையாகிறது? பாஸ்பரஸை எங்கே, எப்போது அளக்க வேண்டும்?

கேள்வி: சலவைத்தூளில் பாஸ்பேட்டைக் குறைத்து, கழிவுநீர் நிலையங்களைச் சரிசெய்து, அமெரிக்காவின் ஈரி ஏரியை 1980களிலேயே மீட்டதாகப் படித்தேன். அப்புறம் ஏன் அங்கே கோடையில் நச்சுப் பாசி படர்கிறது? காரணத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

பதில்: பாஸ்பேட்டில் இருக்கும் பாஸ்பரஸ்தான் பாசிக்கு உணவு. அன்றைய பாஸ்பரஸில் பெரும்பங்கு நகரத்துக் கழிவுநீர்க் குழாய்களில் வந்தது. இன்றைக்கு வருவது வயல்களிலிருந்து, அதுவும் பெருமழை பெய்யும் சில நாட்களில்.

ஓஹையோ, இந்தியானா, மிச்சிகன் மாநிலங்களின் மக்காச்சோள, சோயா வயல்களை வடித்துக்கொண்டு மௌமி ஆறு டொலிடோ நகருக்குப் பக்கத்தில் ஏரியின் மேற்குக் கோடியில் விழுகிறது. அங்கே சராசரி ஆழம் ஏழு மீட்டர் சொச்சம்தான். தண்ணீர் சீக்கிரம் சூடேறும். மைக்ரோசிஸ்டிஸ் என்ற நீலப்பச்சைப் பாசிக்கு அதுவே வசதி.

பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. மௌமியில் வரும் மொத்த பாஸ்பரஸ் பெரிதாகக் கூடவில்லை. 1990களின் நடுவிலிருந்து கூடியது கரைந்த பாஸ்பரஸ். மண் துகளில் ஒட்டி வருவதில் ஒரு பங்குதான் பாசிக்குப் பயன்படும். கரைந்து வருவது கிட்டத்தட்ட முழுவதும் உணவாகிவிடும். மண் அரிப்பைத் தடுக்க உழாமல் விதைக்கும் முறை அங்கே பரவியது. நல்ல முறைதான். ஆனால் உரத்தை மேலே தூவிவிட்டு உழாமல் விட்டால் பாஸ்பரஸ் மேல்மண்ணின் சில சென்டிமீட்டரிலேயே தங்கிவிடுகிறது. மழைநீர் அதைக் கரைத்து, மண் வெடிப்பிலும் மண்புழுத் துளையிலும் இறங்கி, சுமார் ஒரு மீட்டர் ஆழத்தில் பதித்திருக்கும் வடிகால் குழாய்க்குள் போய்ச் சேர்கிறது. வாய்க்கால் ஓரம் புல்வரப்பு வைத்தால் போதும் என்பார்கள். குழாய் அந்த வரப்புக்கு அடியிலேயே தாண்டிப் போய்விடுகிறது.

ஆகவே அளக்க வேண்டிய இடம் ஆறு, காலம் மார்ச் முதல் ஜூலை வரை. ஆகஸ்டில் பச்சையான ஏரியில் மொண்ட தண்ணீரில் கரைந்த பாஸ்பரஸ் குறைவாகவே தெரியும், ஏனென்றால் பாசி அதை ஏற்கெனவே உண்டுவிட்டது. அந்த எண்ணைப் பார்த்து ஏரி சுத்தம் என்று சொன்னால் தவறு. ஓஹையோவின் ஹைடல்பர்க் பல்கலைக்கழகம் 1970களிலிருந்து வாட்டர்வில் அருகே மௌமியில் தினமும் மாதிரி எடுக்கிறது. வெள்ளக் காலத்தில் நாளுக்கு மூன்று மாதிரிகளைச் சோதிக்கிறது. செறிவை மட்டும் பார்க்காமல் நீரோட்டத்தோடு பெருக்குவதே முக்கியம். லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் என்றால் அற்பமாகத் தோன்றும். விநாடிக்கு 1000 கனமீட்டர் ஓடும் வெள்ளத்தில் அது விநாடிக்கு 100 கிராம், ஒரே நாளில் 8.64 டன். மாதம் ஒருமுறை மாதிரி எடுப்பவர் இந்த நாளைத் தவறவிட்டால் அவருடைய ஆண்டுக் கணக்கே பிசகிவிடும்.

கையால் மாதிரி எடுக்கும்போது பாட்டிலை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்து, காய்ச்சி வடித்த நீரில் பலமுறை அலசுங்கள். பாஸ்பேட் உள்ள சோப்பு பக்கத்திலேயே வரக்கூடாது. கரைந்த பாஸ்பரஸுக்கு 0.45 மைக்ரான் வடிதாளில் ஆற்றங்கரையிலேயே, கால் மணி நேரத்துக்குள் வடிகட்டுங்கள். ஆய்வகம் வரை வடிகட்டாமல் கொண்டுபோனால் வழியில் துகள்கள் பாஸ்பரஸை உறிஞ்சவும் செய்யும், விடவும் செய்யும். ஐஸ் பெட்டியில் வைத்து 48 மணி நேரத்துக்குள் சோதிக்க வேண்டும்.

நச்சுக்கான மாதிரி தனி. மைக்ரோசிஸ்டிஸ் பாசி உண்டாக்கும் மைக்ரோசிஸ்டின் என்ற நச்சு சில பிளாஸ்டிக்குகளில் ஒட்டிக்கொள்ளும், அதனால் கண்ணாடி பாட்டில், வெளிச்சம் படாமல். உறையவைத்து உருக்குவதை மூன்று முறை செய்தால்தான் செல் உடைந்து உள்ளிருக்கும் நச்சு வெளியே வரும். இதை விட்டுவிட்டால் எண் குறைவாகக் காட்டும். குளோரின் கலந்த குழாய்நீர் என்றால் எடுத்த உடனே சோடியம் தயோசல்பேட் சேர்த்துக் குளோரினை நிறுத்துங்கள். இல்லையேல் பாட்டிலுக்குள்ளேயே நச்சு சிதைந்துகொண்டிருக்கும்.

2014 ஆகஸ்டில் டொலிடோவின் குடிநீரில் மைக்ரோசிஸ்டின் லிட்டருக்கு 1 மைக்ரோகிராம் என்ற வரம்பைத் தாண்டியது. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஏறக்குறைய மூன்று நாள் குழாய்நீரைக் குடிக்க முடியவில்லை. கொதிக்கவைத்தாலும் இந்த நச்சு அழியாது. நீர் வற்றச் செறிவுதான் கூடும். சுத்திகரிப்பு நிலையத்திலும் கவனம் தேவை. பாசி நிறைந்த நீரில் எடுத்த எடுப்பில் குளோரினைக் கொட்டினால் செல் உடைந்து நச்சு நீரில் கலந்துவிடும். செல்லை உடையாமல் படியவைத்து அகற்றிவிட்டு, கரைந்த மிச்சத்தைத் தூள் கரியால் பிடிப்பதே சரி. பாசியைக் கொல்ல ஏரியில் மயில்துத்தம் போடுவதும் இதே ஆபத்துதான்.

அமெரிக்காவும் கனடாவும் 2016இல் ஏற்ற இலக்கு, 2008ஐ ஒப்பிட்டு 40 சதவீதக் குறைப்பு. மௌமிக்கு மார்ச் முதல் ஜூலை வரை உச்சவரம்பு, மொத்த பாஸ்பரஸ் 860 டன், கரைந்தது 186 டன். எட்ட முடியுமா என்பதற்கு 2019 ஒரு சான்று தந்தது. மழை விடாததால் அந்த ஆண்டு பெரும்பரப்பில் விதைப்பே இல்லை, உரமும் விழவில்லை. அவ்வளவு வெள்ளத்துக்கு வரவேண்டியதைவிடக் கரைந்த பாஸ்பரஸ் குறைவாகவே வந்தது. ஆனாலும் பாசி கடுமையாகவே இருந்தது, ஏனென்றால் பல ஆண்டு உரம் மண்ணில் சேர்ந்து கிடக்கிறது. ஆகவே உரத்தை மண்ணுக்குள் செலுத்துவது, மண்பரிசோதனையில் போதுமான பாஸ்பரஸ் காட்டும் வயலில் அந்த உரத்தை நிறுத்துவது, வடிகால் குழாயின் வாயில் மடை வைப்பது ஆகிய மூன்றையும்தான் முதலில் செய்யச் சொல்வேன்.