வீட்டு சர்வரில் டாக்கர் மூலம் செயலிகளை நாமே ஓட்டுவதென்றால் எதில் கவனமாக இருக்க வேண்டும்?

பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டு, படங்களுக்கு இம்மிச், கடவுச்சொற்களுக்கு வால்ட்வார்டன், வீடியோக்களுக்கு ஜெல்லிஃபின் என்று ஓட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக ஓட்டலாம். நானும் இதே மூன்றையும்தான் வைத்திருக்கிறேன். நிறுவுவது பெரிய வேலையே இல்லை. எதை எப்படி ஓட்டுவது என்று சொல்லும் கம்போஸ் கோப்பு ஒன்றை எழுதி ஒரு கட்டளை கொடுத்தால் போதும். ஆனால் அதற்கு முன்னாலேயே ஒன்றை முடிவு செய்துவிடுங்கள்: உங்கள் தரவு டிஸ்கில் எந்த இடத்தில் இருக்கப்போகிறது?

டாக்கர் ஒவ்வொரு செயலியையும் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டி போன்ற சூழலில் ஓட்டுகிறது. அந்தக் கன்டெய்னரை எப்போது வேண்டுமானாலும் அழித்துவிட்டு மறுபடி உருவாக்கலாம். டாக்கரின் வசதியே அதுதான். அதற்குள் எழுதப்பட்டது எதுவானாலும் கன்டெய்னரை நீக்கும்போது கூடவே போய்விடும். வெளியே வால்யூமில் (டாக்கரே பராமரிக்கும் சேமிப்பிடம்) வைத்ததும், பைண்ட் மவுன்ட் செய்த, அதாவது சர்வரில் நீங்களே தேர்ந்து கன்டெய்னருடன் இணைத்த ஃபோல்டரில் வைத்ததும்தான் மிஞ்சும். எனக்குப் பிடித்தது பைண்ட் மவுன்ட். ஒவ்வொரு செயலிக்கும் ஒரு ஃபோல்டர், அதில் கம்போஸ் கோப்பு, பக்கத்திலேயே தரவு. எதை பேக்கப் எடுப்பது என்று தேடவே வேண்டாம். ஆரம்பத்தில் அனுமதிச் சிக்கல் வரலாம். கன்டெய்னருக்குள் செயலி எந்தப் பயனராக ஓடுகிறதோ அந்தப் பயனர் எண்ணுக்கு அந்த ஃபோல்டரில் எழுதும் உரிமை இருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் அதுதான் காரணமாக இருக்கும்.

பேக்கப்பில் பலர் கவனிக்காதது தரவுத்தளம். ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தின் கோப்புகளை அப்படியே நகலெடுத்தால், பாதி எழுதிய நிலையில் ஒரு நகல் கிடைக்கலாம். அது திறக்காமலே போகலாம். இம்மிச் பயன்படுத்துவது போஸ்ட்கிரெஸ், அதற்கு டம்ப் (தரவு முழுவதையும் ஒரு கோப்பாக எழுதியெடுப்பது) எடுங்கள். வால்ட்வார்டன் இயல்பாகப் பயன்படுத்துவது எஸ்கியூலைட், அதற்கென்றே பேக்கப் கட்டளை உண்டு. இதெல்லாம் சிரமம் என்றால் கன்டெய்னரை நிறுத்திவிட்டு நகலெடுங்கள். நள்ளிரவில் கொஞ்ச நேரம் நின்றால் வீட்டில் யாருக்கும் தெரியாது. பிறகு ரெஸ்டிக் அல்லது போர்க் என்ற பேக்கப் மென்பொருளை வைத்து இன்னொரு டிஸ்குக்கும், வீட்டுக்கு வெளியே ஓரிடத்துக்கும் அனுப்புங்கள். அப்புறம், அந்த பேக்கப்பை வேறொரு கணினியில் ஒருமுறை மீட்டுப் பாருங்கள். இதை மட்டும் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

கன்டெய்னரை உருவாக்கப் பயன்படும் அச்சுதான் இமேஜ். தரவுத்தள இமேஜுக்கு, எப்போதும் புதிய பதிப்பையே எடுக்கும் லேட்டஸ்ட் என்ற டேக் வேண்டவே வேண்டாம். போஸ்ட்கிரெஸ் 15 எழுதிய தரவுக் கோப்புகளை 16 நேரடியாகத் திறக்காது. டம்ப் எடுத்து மாற்ற வேண்டும், அல்லது அதற்கான மேம்படுத்தல் கருவியை ஓட்ட வேண்டும். பதிப்பு எண்ணைக் கம்போஸ் கோப்பில் எழுதிவைத்து, வெளியீட்டுக் குறிப்பைப் படித்த பிறகே ஏற்றுங்கள். இம்மிச்சுக்குப் படத் தேடலுக்கான கூடுதல் நீட்சியும் தேவை என்பதால், அவர்கள் சொல்லும் தரவுத்தள இமேஜையே போடுவது நல்லது.

பாதுகாப்புக்கு வருவோம். யுஎஃப்டபிள்யூ ஃபயர்வாலில் போர்ட்டை மூடிவிட்டோம் என்று நிம்மதியாக இருக்க முடியாது. டாக்கர் தானே லினக்ஸின் ஐபிடேபிள்ஸ் ஃபயர்வால் விதிகளை எழுதுவதால், கம்போஸ் கோப்பில் நீங்கள் வெளியிட்ட போர்ட் அந்தத் தடையைத் தாண்டித் திறந்தே இருக்கும். சர்வருக்குள் மட்டும் தேவையான போர்ட்டை அந்தக் கணினியையே குறிக்கும் 127.0.0.1 முகவரியோடு சேர்த்து எழுதுங்கள். டாக்கருக்குக் கட்டளை கொடுக்கும் வழியான டாக்கர் சாக்கெட்டை எந்தக் கன்டெய்னருக்குள் இணைத்தாலும், சர்வரின் ரூட் அதிகாரத்தையே அதற்குக் கொடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வெளியிலிருந்து அணுக, ரவுட்டரில் ஒவ்வொரு செயலிக்கும் போர்ட் திறப்பதைவிட வயர்கார்டு என்ற விபிஎன் நல்லது. 2020-இல் வந்த 5.6 பதிப்பிலிருந்து அது லினக்ஸ் கெர்னலிலேயே இருக்கிறது. உங்கள் இணைய நிறுவனம் பல வாடிக்கையாளர்களுக்கு ஒரே பொது ஐபி கொடுக்கிறது என்றால் போர்ட் திறந்தும் பயனில்லை. அப்போது போர்ட் திறக்காமலே இணைக்கும் டெயில்ஸ்கேல் கைகொடுக்கும்.

இன்னொரு சின்ன விஷயம்: டாக்கரின் இயல்பான பதிவுக் (லாக்) கோப்புகளுக்கு அளவு வரம்பு கிடையாது. டிஸ்க் நிறைவதற்குள் நீங்களே ஒன்று வைத்துவிடுங்கள்.

சரி, எதில் தொடங்குவது? ஜெல்லிஃபினில். அதன் அமைப்புகள் போனாலும் வீடியோக்கள் அப்படியே இருக்கும். பேக்கப் பழகியதும் இம்மிச். அதுவரை ஃபோனில் உள்ள படங்களை நீக்காதீர்கள். வால்ட்வார்டன் கடைசியில் வரட்டும். அதன் இணையப் பக்கத்துக்கு எச்டிடிபிஎஸ் கட்டாயம் என்பதால், கேடி போன்ற ரிவர்ஸ் பிராக்ஸி (வரும் கோரிக்கைகளை எச்டிடிபிஎஸ்ஸில் வாங்கிச் செயலிக்கு அனுப்பும் இடைநிலை மென்பொருள்) ஒன்றை அதற்கு முன்பே அமைத்திருக்க வேண்டும். சர்வர் எப்போதாவது நின்றாலும், வால்ட்வார்டனோடு பயன்படுத்தும், ஏற்கெனவே உள்நுழைந்த பிட்வார்டன் செயலி ஃபோனில் உள்ள நகலிலிருந்து கடவுச்சொற்களைக் காட்டும். புதிதாகச் சேர்க்க மட்டும் சர்வர் திரும்ப வர வேண்டும்.