மனநல வார்டு பில்: க்ளெய்ம் எங்கே இடறுகிறது?

கேள்வி: மனச்சிதைவு நோய்க்காக அண்ணனை 18 நாள் தனியார் மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். ‘கண்காணிப்புக்காக மட்டுமே அட்மிஷன்’ என்று இன்சூரன்ஸ் கம்பெனி க்ளெய்மைத் தள்ளிவிட்டது. மனநோய்க்குக் காப்பீடே கிடையாதா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: உண்டு. 2018 மே 29 முதல் மனநலப் பராமரிப்புச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. உடல் நோய்க்கு எப்படியோ அப்படியே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது அதன் 21(4) பிரிவு. ஆனால், வெறும் பரிசோதனைக்காகச் சேர்ந்தால் பணமில்லை என்ற விதிவிலக்கு (எண் 04) கிட்டத்தட்ட எல்லா பாலிசியிலும் உண்டு. அதைத்தான் உங்கள் மேல் போட்டிருக்கிறார்கள்.

கோளாறு பெரும்பாலும் டிஸ்சார்ஜ் சம்மரியில்தான். ‘கண்காணிக்கப்பட்டார், தேறினார்’ என்று இரண்டே வரியில் முடித்திருப்பார்கள். மாரடைப்பு என்றால் ஈ.சி.ஜி. சாட்சி சொல்லும், இங்கே கேஸ் ஷீட்தான் (மருத்துவமனை எழுதிவைக்கும் சிகிச்சைக் குறிப்பு) சாட்சி. அதன் நகலும் நர்ஸிங் சார்ட்டும் கேளுங்கள். தன் அடிப்படை மருத்துவப் பதிவுகளைப் பெறும் உரிமையை அதே சட்டத்தின் பிரிவு 25 நோயாளிக்குத் தருகிறது. எந்த மருந்து, எந்த நாளில் எவ்வளவு கூட்டப்பட்டது, ஊசி போட்டார்களா, தூக்கம் சாப்பாடு எப்படி, தன்னையோ பிறரையோ தாக்க முயன்றாரா என்பதெல்லாம் அதில் இருக்கும். ‘வெளிநோயாளியாக வைத்துப் பார்க்க முடியாத நிலை’ என்று காரணத்தோடு மனநல மருத்துவரிடம் கடிதம் வாங்கி, எல்லாவற்றையும் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு அனுப்புங்கள். 30 நாளில் பதிலில்லை அல்லது மீண்டும் மறுப்பு என்றால், ஓராண்டுக்குள், இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் கிடையாது.

மறுப்புக் கடிதத்தில் விதிவிலக்கு எண் 05 (மறுவாழ்வு இல்லம், ஓய்வு) அல்லது 12 (குடி, போதை) என்றிருந்தால் கதை வேறு, ஜெயிப்பது கஷ்டம்.

கேள்வி: க்ளெய்ம் பாஸானது, பாதிப் பணம்தான் வந்தது. ஏன்?
– வாசகர், சேலம்

பதில்: அறை வாடகை. பாலிசியில் நாளுக்கு ₹3,000 வரம்பு, நீங்கள் எடுத்தது ₹6,000 அறை என்றால், டாக்டர், நர்ஸிங் கட்டணமும் பாதியாகும்: ₹40,000 கேட்டால் ₹20,000. மருந்துக்கும் லேப் டெஸ்ட்டுக்கும் இந்த வெட்டு கூடாது. செட்டில்மென்ட் ஷீட்டை வரிவரியாகப் பாருங்கள்.

கேள்வி: மருத்துவமனையில் சேர நோயாளி சம்மதிக்காவிட்டால்?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: நியமனப் பிரதிநிதி (சிகிச்சை முடிவுகளில் நோயாளிக்குத் துணை நிற்பவர்) விண்ணப்பிக்க வேண்டும். மனநல மருத்துவர் ஒருவர், வேறொரு மனநல நிபுணர் அல்லது மருத்துவர் ஒருவர் தனித்தனியே பரிசோதித்துச் சேர்ப்பார்கள். முதலில் அதிகபட்சம் 30 நாள். என்ன செய்வதென்று தெரியாத ராத்திரிக்கு 14416, அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ்.