பில் சொன்னால் பலிக்குமா?

கேள்வி: அமெரிக்காவில் வருஷாவருஷம் ஒரு பெருச்சாளியைத் தூக்கிப் பிடித்து, வசந்தம் எப்போது வரும் என்று குறி கேட்கிறார்களாமே! நிலாவுக்கு ஆள் அனுப்பிய நாட்டில் இப்படி ஒரு மூடநம்பிக்கையா? இவர்களா நமக்குப் பகுத்தறிவு சொல்வது?
- திண்டுக்கல் வாசகர் ஒருவர்

பதில்: முதலில், அது பெருச்சாளி இல்லை. கிரவுண்ட்ஹாக். அணில் குடும்பம்தான், ஆனால் நாலைந்து கிலோ தேறும்.

பென்சில்வேனியா மாநிலத்தில் பங்ஸடானி என்று ஒரு சின்ன ஊர். பிப்ரவரி 2 விடியற்காலையில் அங்கே கோப்ளர்ஸ் நாப் என்ற மேட்டில், பல் கிட்டிக்கும் குளிரில் ஆயிரக்கணக்கில் ஜனம் கூடும். உயரத் தொப்பியும் கோட்டுமாக ஊர்ப் பெரிய மனிதர்கள் வந்து, ஒரு மரக்கட்டையின் கதவைத் தட்டி, உள்ளே இருக்கும் பில் என்ற பிராணியை வெளியே எடுப்பார்கள். தலைவர் அதனிடம் அதன் பாஷையிலேயே பேசிவிட்டு, இரண்டு சுருள்களில் ஒன்றைப் பிரித்துப் படிப்பார். பில் தன் நிழலைப் பார்த்துவிட்டால் குளிர் இன்னும் ஆறு வாரம். பார்க்காவிட்டால் வசந்தம் சீக்கிரமே வந்துவிடும்.

1887-லிருந்து இது நடக்கிறது. அன்று முதல் இன்றுவரை ஒரே பில்தானாம். வருஷத்துக்கு ஒரு வாய் அமுதம் குடித்துச் சாகாமல் இருக்கிறாராம். மனைவி ஃபிலிஸுக்கு மட்டும் அந்த அமுதம் கிடையாது (இந்த அநியாயத்தை அங்கே யாராவது தட்டிக் கேட்டார்களா என்று தெரியவில்லை). இத்தனையையும் அந்தக் குழு சிரிக்காமல் சொல்கிறது. அதை அவர்கள் நம்புகிறார்கள் என்று நீங்கள் நம்பினால், ஏமாந்தவர் யார்?

பழக்கம் ஜெர்மனியிலிருந்து குடியேறியவர்களோடு வந்தது. பிப்ரவரி 2 என்பது கிறிஸ்துமஸிலிருந்து 40-ஆம் நாள், மெழுகுவர்த்தி மந்திரிக்கும் திருநாள். நம்மூர்க் கத்தோலிக்கக் கோயில்களிலும் உண்டு. அன்று வெயிலடித்தால் குளிர் நீளும் என்பது ஐரோப்பிய விவசாயிகளின் வாக்கு. குளிர்காலத்தில் மேகம் இல்லாத வானம் என்றால் பெரும்பாலும் கடுங்குளிர்க் காற்று வந்து உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். அன்றைய நாளுக்கு அது சரி. ஆறு வாரத்துக்கு நீட்டியதுதான் வம்பு. ஜெர்மனியில் நிழல் பார்க்க வளைக்கரடி (பேட்ஜர்) இருந்தது. பென்சில்வேனியாவில் கிரவுண்ட்ஹாக்தான் அதிகம், அதற்கு வேலை கொடுத்துவிட்டார்கள்.

பலிக்கிறதா என்றால், அமெரிக்க அரசின் கடல், வானிலை ஆய்வு அமைப்பான நோவா 2025-ல் பார்த்த கணக்கில் பில்லுக்கு 35 சதவீதம். காசைச் சுண்டிப் பார்த்தாலே 50 கிடைக்கும். பில் சொன்னதற்கு நேர்மாறாக எடுத்துக்கொண்டால் முதல் வகுப்பில் தேறிவிடலாம்.

அந்தக் கணக்கைப் படித்துவிட்டு அந்த ஊரே சிரிக்கிறது, அடுத்த வருஷமும் போய் நிற்கிறது. பில் சொன்னார் என்று எவரும் விதைப்பைத் தள்ளிப்போடுவதில்லை, கல்யாணத்தை நிறுத்துவதில்லை. ராகுகாலம் முடியட்டும் என்று வேட்புமனுவைக் கையில் வைத்துக்கொண்டு அலுவலக வாசலில் நிற்பவரைப் பற்றி நீங்கள் எனக்குக் கேள்வி அனுப்பியதாக ஞாபகம் இல்லை.

குறை சொல்லியே தீர வேண்டுமென்றால், அந்தப் பிராணியைப் படுத்தும் பாட்டைச் சொல்லுங்கள். நியூயார்க்கிலும் இதே விழா உண்டு. 2009-ல் மேயர் புளூம்பெர்க்கின் விரலை அந்த ஊர்க் கிரவுண்ட்ஹாக் கடித்தது; நியாயமான கடி. 2014-ல் அடுத்த மேயர் டி பிளாசியோவின் கையிலிருந்து ஒன்று நழுவிக் கீழே விழுந்தது. சில நாளில் செத்தும் போனது.

தட்டி எழுப்பத் தேவையே இல்லை என்பதுதான் வேடிக்கை. காட்டில் வாழும் ஆண் கிரவுண்ட்ஹாக் பிப்ரவரியில் தானாகவே தூக்கம் கலைந்து வெளியே வரும். அக்கம்பக்கத்துப் பொந்துகளை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, திரும்பப் போய்ப் படுத்துக்கொள்ளும். அது வருவது வானிலை பார்க்க அல்ல, பெண் பார்க்க.